‘பார்ட் டைம்ல பார்த்துக்கலாம்’: ஒரு மறுப்பு

“ஃபீஸுக்கு லோன் போடுங்க. மத்த செலவை அவன் அங்க பார்ட் டைம்ல பார்த்துப்பான். ரூமா? நம்ம பசங்க எத்தனையோ பேர் இருக்காங்க, போய் இறங்கிப் பார்த்துக்கலாம்.”

பிரிட்டனுக்கு ஓராண்டு மாஸ்டர்ஸ் படிக்கப் பிள்ளையை அனுப்பும் தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார், சொந்தக்காரர் சொல்கிறார், இரண்டு செட் முன்னால் போன சீனியர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பி, வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. பிரிட்டனின் சட்டத்தையும் நான்காம் வகுப்புப் பெருக்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கைக்கு நிற்க இடமில்லை என்பதே என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்பு சொல்வதைக் குறைக்காமல் எடுத்துவைக்கிறேன். மாணவர் விசாவே வாரம் 20 மணி நேர வேலைக்கு அனுமதி தருகிறது. யாரும் திருட்டுத்தனம் செய்யச் சொல்லவில்லை. அங்கே குறைந்தபட்ச ஊதியம் நம் ஊர்க் கணக்கில் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். சூப்பர் மார்க்கெட், வேர்ஹவுஸ், ஓட்டல் சமையலறை என்று வேலைக்கு இடமுண்டு. நான்கு பேர் சேர்ந்து தங்கினால் வாடகை குறையும். இப்படிப் போய்ப் படித்து, கடனை அடைத்து, இன்று நல்ல நிலையில் இருப்பவர்கள் நம் கண்முன் இருக்கிறார்கள். எல்லாப் பணமும் கையில் சேர்ந்த பிறகுதான் போவேன் என்றால் நடுத்தர வீட்டுப் பிள்ளை ஒருநாளும் போக முடியாது. இதில் ஒவ்வொரு வாக்கியத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவற்றைச் சேர்த்துக் கட்டிய முடிவில்தான் உண்மை இல்லை.

ஒன்று: கணக்கே இடிக்கிறது

எவ்வளவு வரும்? 2026 ஏப்ரல் முதல் பிரிட்டனில் 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 20 மணி நேரம் என்றால் 254 பவுண்டு. விமானத்திலிருந்து இறங்கிய வாரமே வேலை கிடைத்து, 52 வாரமும் ஒரு ஷிஃப்ட்கூடத் தவறவிடாமல் உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 13,218 பவுண்டு. மாதத்துக்கு 1,100.

எவ்வளவு போகும்? இதற்கு நான் கணக்குப் போட வேண்டியதில்லை. பிரிட்டன் உள்துறை அமைச்சகமே போட்டு வைத்திருக்கிறது. விசாவுக்காக மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 2025 நவம்பர் முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு. லண்டனுக்கு வெளியே 1,171. இது சொகுசாக வாழ்வதற்கான தொகை இல்லை. இதற்குக் குறைந்தால் விசா இல்லை என்ற அடிமட்டக் கோடு. படிப்புக் காலத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்சபட்ச நேரம் உழைத்தாலும், குறைந்தபட்ச ஊதியக்காரரால் அந்த அடிமட்டக் கோட்டை லண்டனிலும் தொட முடியாது, வெளியிலும் தொட முடியாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் முழு நேரம் வேலை பார்க்கலாமே என்பார்கள். ஐந்து வாரத்துக்கு இரட்டை நேரம் சேர்த்தால் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 14,500 ஆகும். லண்டனுக்கு வெளியே பன்னிரண்டு மாதச் செலவு 14,052, லண்டனில் 18,348. ஆக எல்லாம் கூடி வந்தால், சிறு நகரத்தில், சோற்றுக்கும் வாடகைக்கும் சரியாகப் போகும். பல பல்கலைக்கழகங்களில் 15,000 பவுண்டைத் தாண்டும் கல்விக் கட்டணத்தில் ஒரு பென்னியைக்கூட இந்தச் சம்பளம் தொடாது. வங்கிக் கடனின் வட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிறகு ஏன் கணக்கு சரியாக வருவதுபோலத் தோன்றுகிறது? வருமானத்தை ரூபாயில் மாற்றிப் பார்க்கிறோம், செலவை மாற்றிப் பார்ப்பதில்லை. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று கேட்டதும் திருப்பூரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குக் கண் விரிகிறது. அந்தப் பணம் திருப்பூரில் செலவாகப் போவதில்லை. லெஸ்டரிலோ கவென்ட்ரியிலோ வாடகைக்கும் பஸ் பாஸுக்கும் பவுண்டாகவே கரையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு, தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் கிடந்ததைக் காட்டினால்தான் விசா. கல்விக் கடன் வாங்கியிருந்தால் வங்கியின் கடிதம் போதும். ஆனால் அங்கே போய்ச் சம்பாதிக்கப்போகும் சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. விசா அதிகாரி நம்பாத வருமானத்தைத்தான் குடும்பம் நம்புகிறது. பலர் அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்கு வாங்கிக் கணக்கில் நிறுத்தி, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதாவது, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று அரசாங்கத்திடம் சொன்னது பொய். வேலை பார்த்துச் சமாளிப்பான் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டது இரண்டாவது பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை விமானம் ஏறுகிறது.

இரண்டு: இருபது மணி நேரம் உச்சவரம்பு, உத்தரவாதம் இல்லை

வேலை காத்துக்கொண்டா இருக்கிறது? 2022இன் நடுப்பகுதியில் காத்துக்கொண்டுதான் இருந்தது. கொரோனாவும் பிரெக்ஸிட்டும் சேர்ந்து ஆள் பற்றாக்குறையை உண்டாக்கியிருந்தன. காலிப் பணியிடங்கள் சுமார் 13 லட்சம் என்ற வரலாறு காணாத உயரத்தைத் தொட்டன. அந்த ஆண்டு போனவர் இறங்கிய வாரத்தில் வேலை கிடைத்தது என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. 2025இல் அந்த எண்ணிக்கை ஏழு லட்சத்துச் சொச்சம். கிட்டத்தட்டப் பாதி.

எண்ணிக்கையைவிட முக்கியமான மாற்றம் ஒன்று 2025 ஏப்ரலில் நடந்தது. ஊழியருக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டுப் பங்கு 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. எந்தச் சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்ற வரம்பும் ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறக்கப்பட்டது. சின்னக் கடைகளுக்குச் சலுகை உண்டு. பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அது பெயரளவுக்குத்தான். ஆண்டுக்கு 13,218 பவுண்டு வாங்கும் நம் மாணவரை வைத்துக்கொள்ள, பழைய விதியில் முதலாளி கூடுதலாகக் கட்ட வேண்டியது சுமார் 570 பவுண்டு. புதிய விதியில் சுமார் 1,230. பகுதி நேர ஆளை வைப்பதுதான் விகிதத்தில் அதிகச் சுமையாகிவிட்டது.

யாரோடு போட்டி போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 18 முதல் 20 வயது வரையுள்ளவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 10.85 பவுண்டுதான், 21 வயதுக்குக் கீழுள்ளவர்களின் வழக்கமான சம்பளத்துக்கு முதலாளி காப்பீட்டுப் பங்கும் கட்ட வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் பி.இ. முடித்துப் போகும் பையனுக்கு 22, 23 வயது. அதே கல்லாவில் உட்கார உள்ளூர்ப் பையன் குறைந்த செலவில் கிடைக்கிறான். அவன் பேசும் ஆங்கிலத்தை வாடிக்கையாளருக்குப் புரியவைக்கத் தேவையில்லை, அவனுக்கு மணிக் கட்டுப்பாடும் இல்லை. இதையெல்லாம் மீறி வேலை கிடைத்தாலும் வாரம் 20 மணி நேரம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. எட்டு மணி, பன்னிரண்டு மணி ஒப்பந்தங்களும், வாரத்துக்கு எத்தனை மணி என்றே குறிப்பிடாத ஒப்பந்தங்களும் அங்கே சாதாரணம். வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனால், அதற்குப் பிறகு முழு 20 மணி நேரமும் கிடைத்தாலும், ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

மூன்று: மிச்சத்தைச் சட்டத்துக்கு வெளியேதான் சம்பாதிக்க முடியும்

“இருபது மணி நேரம்னு பேப்பர்ல இருக்கும். கொஞ்சம் கேஷ்ல பார்த்தா சரியாயிடும்.” கணக்கு இடிக்கும் இடத்தில் இந்த வாக்கியம்தான் வந்து முட்டுக்கொடுக்கிறது. இதன் பொருள் என்ன? பிள்ளை விசா விதியை மீறினால் மட்டுமே இந்தத் திட்டம் நிறைவேறும் என்பது புறப்படும் நாளிலேயே தெரியும் என்பதுதான்.

விதிகளைச் சொல்கிறேன். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் மொத்தம் 20 மணி நேரம். இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி காட்ட முடியாது. சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை. சாப்பாட்டு டெலிவரி ஆப்களில் ஓட்டுவது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும். அதனால்தான் அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். இளங்கலை மாணவருக்குக் கோடை விடுமுறையில் முழு நேரம் வேலை பார்க்க முடியும். ஓராண்டு மாஸ்டர்ஸ் மாணவருக்குக் கோடை என்பது ஆய்வேடு எழுதும் காலம், அதுவும் படிப்புக் காலமே. ‘லீவில் பிடித்துவிடலாம்’ என்று போகிறவர்கள் இதை அங்கே போன பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

பிடிபட்டால்? அனுமதியில்லாத வேலை 2016இன் குடியேற்றச் சட்டப்படி குற்றம். அப்படிச் சம்பாதித்த கூலியைக் குற்றத்தால் வந்த பணம் என்று பறிமுதல் செய்ய முடியும். விசா ரத்தானால் படிப்பு போகும், கட்டிய கட்டணம் போகும். 2024 பிப்ரவரி முதல் சட்டவிரோதமாக ஆள் வைக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் 60,000. இவ்வளவு ஆபத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் கேஷில் வேலை தருகிறார் என்றால் அந்த ஆபத்துக்கான விலையை யாரிடம் வாங்குவார்? கூலியில்தான். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுப்பார், இரண்டு வாரம் தள்ளிக் கொடுப்பார், சில சமயம் கொடுக்கவே மாட்டார். போலீசுக்குப் போக முடியாத ஆளாகப் பார்த்துத்தான் அவர் வேலைக்கு எடுத்திருக்கிறார். நம் ஊர்க்காரர் கடைதானே என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. ஊர்ப்பாசம் சம்பளச் சீட்டு தராது.

நான்கு: ‘போய் இறங்கி ரூம் பார்க்கலாம்’ என்பதில் ரூமும் இல்லை, உரிமையும் இல்லை

அறை எப்போது தேட வேண்டும்? பல பல்கலைக்கழகங்கள் முதல் முறை வரும் வெளிநாட்டு மாணவருக்கு விடுதி அறை உறுதி என்று சொல்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஜூன், ஜூலைக்குள் விண்ணப்பித்தவருக்கு மட்டும். செப்டம்பர் இன்டேக்குக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலருக்கு லோன் கையெழுத்தாவதே ஆகஸ்டில். விசா வந்து டிக்கெட் போடும்போது அந்தக் கதவு மூடியிருக்கும்.

தனியார் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி: உள்ளூர் ஜாமீன்தாரர் யார்? பிரிட்டனில் வருமானமோ சொந்த வீடோ உள்ள ஒருவர், இந்தப் பையன் வாடகை தராவிட்டால் நான் தருகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நம் சொந்தக்காரர் அங்கே இருந்தாலும், கையெழுத்து என்றதும் பேச்சு மாறும். முன்பெல்லாம் ஜாமீன் இல்லாதவரிடம் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கக் கூடாது என்று புதிய வாடகைதாரர் சட்டம் தடுக்கிறது. ஏழைக்கு நல்ல சட்டம்தான். ஆனால் பணத்தைக் கொட்டி ஜாமீனைத் தாண்டிப்போன வழியும் இதோடு அடைபட்டது. இனி வீட்டுக்காரர் ஜாமீனையே இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே ஜாமீன் நிற்கின்றன. தங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டவர்கள் எத்தனை பேர்?

கடைசியில் நடப்பது என்ன? லண்டனின் ஈஸ்ட் ஹாமில் யாரோ ஒரு சீனியரின் அறையில் ஒரு மெத்தை. உதவி என்ற அளவில் அது நல்ல மனசு. நான் அதைக் குறை சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் அது என்ன என்று பாருங்கள். பெயர் போட்ட ஒப்பந்தம் இல்லை. அந்த வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரரிடமே உள்வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு தேவையில்லை, நியாயமான அறிவிப்புக் கொடுத்தால் போதும். இங்கிலாந்தில் முறையான வாடகைதாரருக்கு என்னென்ன கவசம் இருக்கிறது தெரியுமா? அட்வான்ஸ் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்தத் தொகையைப்போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்குவரை நீதிமன்றம் வாங்கித் தரும். மெத்தைக்காரருக்கு இந்தப் பதிவுப் பாதுகாப்பு கிடையாது. வெவ்வேறு குடும்பத்தார் ஐந்து பேரோ அதற்கு மேலோ தங்கினால் வீட்டுக்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவர் என்றால் 10.22. கவுன்சில்காரர்கள் வந்து எண்ணினால் அபராதம் வீட்டுக்காரருக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பது மாணவர்.

அறையையும் வேலையையும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைப்பது இந்த வாதத்தின் இன்னொரு குருட்டுப் பக்கம். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது இழுபறி. வங்கிக் கணக்கு இல்லாமல் முறையான முதலாளி சம்பளம் போட முடியாது. முறையான முதலாளி இல்லையென்றால் கேஷ். கேஷ் சம்பளத்துக்குச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாமல் அடுத்த வீட்டுக்காரரிடம் வருமானத்தைக் காட்ட முடியாது. முதல் மாதத்தில் ‘ரூம்தானே, பார்த்துக்கலாம்’ என்று விட்டது அந்த வருடம் முழுக்கத் துரத்துகிறது.

ஐந்து: எந்த நேரத்தில் படிப்பது?

பட்டம் வாங்கத்தானே போகிறோம்? பிரிட்டன் மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கு. மொத்தம் 1,800 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 35. இதனோடு சட்டப்படியான 20 மணி நேர வேலையைச் சேர்த்தால் 55. போகவர ஆகும் பஸ் நேரம் தனி, சமைக்கும் நேரம் தனி. இதுவே உடம்பைப் பிழியும். கேஷில் இன்னும் 15 மணி நேரம் சேர்ந்தால் வாரம் 70. இரவு ஷிஃப்ட் முடிந்து காலை வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் எதைப் படிப்பார்?

“கஷ்டப்பட்டால்தான் வாழ்க்கை புரியும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்தக் கஷ்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நூலகத்தில் படும் கஷ்டம் பட்டமாக மாறும். வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் கஷ்டம் அந்த மாத வாடகையாக மாறி அங்கேயே தீர்ந்துவிடும். கடனை அடைக்கப்போவது படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலை. அந்த வேலைக்குத் தயாராகும் ஒரே வருடத்தை அந்த வருடச் சாப்பாட்டுக்காக விற்பது விதைநெல்லைக் குத்திச் சமைப்பது. வேலை அனுபவம், பேச்சுத் துணிவு, மனிதர்களோடு பழகும் பக்குவம் எல்லாம் பகுதி நேர வேலையில் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. வாரம் எட்டு மணி நேரம் கைச்செலவுக்கு வேலை பார்ப்பவருக்குத்தான் அது கிடைக்கும். வாடகைக்காக ஓடுபவருக்குக் கிடைப்பது அசதி.

ஆறு: சீனியர் போன நாடு வேறு

“அவன் சமாளிச்சானே?” இந்த ஒரு கேள்விதான் எல்லாக் கணக்கையும் தோற்கடிக்கிறது. எப்படிச் சமாளித்தார் என்று யாரும் கேட்பதில்லை. 2024 ஜனவரிக்கு முன் மாஸ்டர்ஸ் மாணவர் தன் கணவரையோ மனைவியையோ கூட அழைத்துப்போக முடிந்தது. கூடப் போனவருக்கு மணிக் கட்டுப்பாடு இல்லை, முழு நேரம் வேலை செய்யலாம். ஒருவர் படிக்க, ஒருவர் உழைக்க, இரண்டு பேர் ஒரே அறையில் இருக்க, கணக்கு கட்டுப்படியானது. ஆய்வுப் படிப்புகள் போன்ற சிலவற்றைத் தவிர, அந்த வழி இப்போது மூடப்பட்டுவிட்டது.

படிப்பு முடிந்து வேலை தேட அப்போது இரண்டு ஆண்டு கிடைத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்குப் பதினெட்டு மாதம்தான். 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்பில் சேர்கிறவர் இந்த விதிக்குள்தான் வருவார். திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலுக்கு முன் ஆண்டுக்கு 26,200 பவுண்டு. 2025 ஜூலை முதல் 41,700. புதிதாகப் படித்து முடித்தவருக்குக் குறைந்த வரம்பு உண்டு, அதுவும் 33,400. சீனியர் ஏறிய ஏணியில் இவ்வளவு படிகள் எடுக்கப்பட்டுவிட்டன. அவர் சொல்வது அவருடைய ஆண்டுக்கு உண்மை. உங்கள் ஆண்டுக்கு அதை விலைக்கு வாங்காதீர்கள்.

தோற்றவர்கள் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனோடு திரும்பி வந்தவர் கல்யாண வீட்டில் எழுந்து நின்று அனுபவம் சொல்ல மாட்டார். அவர் வீட்டாரும் “கோர்ஸ் முடிஞ்சு வந்துட்டான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் கேட்பதெல்லாம் ஜெயித்தவர் குரல் மட்டுமே. அதை வைத்து எல்லாரும் ஜெயிப்பார்கள் என்கிறோம்.

அப்படியானால் இல்லாதவன் வீட்டுப் பிள்ளை போகவே கூடாதா?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுதான். எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போவார்கள், மற்றவர்கள் ஊரிலேயே கிடப்பார்கள் என்கிறார்கள். சமத்துவம் பேசுவதுபோல ஒலிக்கும் இந்த வாதம் உண்மையில் ஏழைக்கு எதிரானது. கணக்கு தப்பினால் பணக்கார அப்பா இன்னும் ஐந்து லட்சம் அனுப்புவார். பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் மனக்கஷ்டம், அவ்வளவுதான். பத்திரம் வைத்த அப்பாவிடம் அனுப்ப ஒன்றும் இருக்காது. ‘பார்த்துக்கலாம்’ என்ற வார்த்தையின் முழு விலையையும் கட்டுவது இல்லாத வீடுதான். எனவே அந்த வீட்டுக்குத்தான் முதலில் எண்ணைச் சொல்ல வேண்டும்.

போவதற்கு வேறு வழிகள் இல்லாமலும் இல்லை. செவனிங், காமன்வெல்த் போன்ற உதவித்தொகைகள் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் தருகின்றன. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களின் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. கன்சல்டன்சி மேசையில் இவை பேசப்படுகின்றனவா? பெரும்பாலும் இல்லை, காரணம் இருக்கிறது. பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகின்றன. சேர்க்கை முடிந்தால் கமிஷன் வந்துவிடும். பிள்ளைக்கு அறை கிடைத்ததா, வேலை கிடைத்ததா என்பது அதைப் பாதிக்காது. உள்நாட்டு மாணவரிடம் இங்கிலாந்தில் 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டுக்கு மேல் இளங்கலைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு கட்டிப்போட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப உச்சவரம்பில்லாத வெளிநாட்டுக் கட்டணம் தேவைப்படுகிறது. 2030க்குள் ஆறு லட்சம் வெளிநாட்டு மாணவர் என்று 2019இல் வைத்த இலக்கைப் பிரிட்டன் 2020-21லேயே எட்டிவிட்டது. அவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதற்கு அப்படி ஓர் இலக்கு யாரும் வைக்கவில்லை. ‘பார்ட் டைம்ல பார்த்துக்கலாம்’ என்ற வாக்கியம் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது: பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம், ஏஜென்ட்டுக்குக் கமிஷன், வங்கிக்கு வட்டி. மீதியெல்லாம் 23 வயதுப் பிள்ளையின் தோளில்.

என்ன செய்யலாம்? அளவுகோல் ஒன்றுதான்: ஒரு பவுண்டுகூடச் சம்பாதிக்காமல் பன்னிரண்டு மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா? முடியும் என்றால் போகட்டும். அங்கே கிடைக்கும் சம்பளம் கைச்செலவுக்கும் அவசரத்துக்கும் இருக்கட்டும். முடியாது என்றால் ஓராண்டு தள்ளிப்போடட்டும். உதவித்தொகைக்கு எழுதட்டும், இங்கேயே வேலை பார்த்துச் சேர்க்கட்டும், லண்டனை விட்டு வாடகை குறைந்த ஊரைத் தேடட்டும். அறை உறுதியான கடிதம் வராமல் டிக்கெட் போட வேண்டாம். ஒரு வருடம் தாமதமானதால் யாருடைய வாழ்க்கையும் முடிந்துவிடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கன்சல்டன்சிக்காரர் “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்றால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போகாமல் என் பிள்ளையின் மாதச் செலவு எப்படிக் கட்டுப்படியாகும்? முதல் இரவிலிருந்து எந்த முகவரியில், யாருடைய ஒப்பந்தத்தில் தங்குவான்? இந்தச் சேர்க்கைக்கு உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு? எழுதித் தருபவரோடு மேற்கொண்டு பேசலாம். எழுத மறுப்பவரின் வாய்ச்சொல்லுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்.